நிய்யத்தும் விசாவும்

ஷஃபான் மாதத்தில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின்னர் பழைய மாணவர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். கல்லூரிப் படிப்பை முடித்த இளவல். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அவருடைய தாய்மாமா வாழ்கிறார். அங்கே ஏழைகளுக்கு உணவு வழங்கும் அறநிலையம் ஒன்றில் மூன்று மாதம் ஊதியமின்றித் தொண்டு செய்ய அவருக்கு ஆசை. கேட்டு உள்ளம் குளிர்ந்தோம்.

"ஹஜ்ரத், மாமாவைப் பார்க்க மட்டுமே செல்வதாகத் தாங்கள் ஒரு கடிதம் தந்தால் போதும். சம்பளம் வாங்காத வேலைக்கு வேறு விசா தேவையில்லை என்று பயண ஏஜெண்ட் சொல்கிறார்" என்றார்.

எழுதுகோலை எடுத்த நம் கை நின்றுவிட்டது. அத்தகைய கடிதம் ஒன்றை 2016ஆம் ஆண்டில் வேறொரு மாணவருக்கு நாம் எழுதிக் கொடுத்திருந்தோம். நன்மையான காரியந்தானே என்று நம்மை நாமே சமாதானம் செய்துகொண்டோம். அவருடைய பெட்டியில் இருந்த அறநிலையத்தின் கடிதம் விமான நிலையத்திலேயே உண்மையைச் சொல்லிவிட்டது. மறு விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டார். பொய்யுரைத்து விசா கேட்போர்க்குப் பத்தாண்டு வரை கதவை அடைக்க அந்நாட்டுச் சட்டம் இடந்தருகிறது. அவருடைய தந்தையார் இன்றும் நம்மைக் கண்டால் முந்திக்கொண்டு சலாம் உரைக்கிறார். அந்தச் சலாம் நம்மைச் சுடுகிறது.

ஆகவே இம்முறை அந்த இளவலையும் அருகில் அமர்த்தி, பிரிட்டிஷ் அரசு வெளியிட்டுள்ள விதிகளை நிதானமாகப் படித்தோம்.

உறவினரைக் காணவோ ஊர் பார்க்கவோ பெறும் பார்வையாளர் விசாவிலும் தொண்டு செய்யலாம். ஆனால் பயணத்தின் முதன்மை நோக்கம் தொண்டாக இருத்தல் கூடாது. மொத்தம் 30 நாள்களுக்கு மேற்படக் கூடாது. அந்நிலையம் முறைப்படி பதிவு பெற்ற அறநிலையமாகவும் இருக்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் அறநிலையப் பதிவேட்டை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

அதற்கு மேற்பட்ட காலத்திற்கு அறப்பணியாளர்க்கெனத் தனி விசா உண்டு. அதன் உச்ச அளவு 12 மாதம். அரசின் உரிமம் பெற்ற அறநிலையம் ஸ்பான்சராகி, அதற்குரிய சான்று எண்ணைத் தரவேண்டும். உரிமம் பெற்றோர் பட்டியலும் பகிரங்கமானதே. பணி தொடங்கும் நாளுக்கு மூன்று மாதத்திற்கு முன்பாக விண்ணப்பிக்க இயலாது. செலவை ஸ்பான்சர் ஏற்காவிடில் 1,270 பவுண்ட் தொகை தொடர்ந்து 28 நாள் வங்கியில் இருக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு மேல் தங்குவோர் நம் நாட்டிலேயே, அவர்கள் அங்கீகரித்த மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனைச் சான்று பெறவேண்டும். மருத்துவ வரியும் கட்டவேண்டும். நியாயமான செலவுத்தொகை பெறலாம். கூலி பெறுதல் ஆகாது.

விதிகள் இவ்வளவுதான். இனிப் பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில உள.

பார்வையாளராகச் செல்வோர் அங்கே மருத்துவமனையில் சேர நேர்ந்தால் செலவு நம்மவர் தாங்கும் அளவில் இராது. ஆதலால் பயணக் காப்பீடு இன்றி அனுப்பாதீர்கள். அறநிலையத்தின் அழைப்புக் கடிதத்தில் வேலை, நாள்கள், தங்குமிடம், உணவு ஆகிய யாவும் எழுத்தில் இருக்கட்டும். சிறுவர்களோடு பழகும் பணியாயின் காவல்துறை நற்சான்று கேட்கக்கூடும். அதை நம் பாஸ்போர்ட் அலுவலகத்தில் பெறலாம். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மூலத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பதாகச் சொல்லி எவர் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டாம். லண்டனில் உள்ள இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணைப் பிள்ளையும் வீட்டாரும் குறித்து வைத்திருப்பது நலம்.

இவையெல்லாம் தவக்குலுக்கு மாறானவை அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் ஒப்படைப்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுங்கு. விசா என்பதும் ஓர் உடன்படிக்கையே. வாக்களித்த நோக்கத்திற்காக மட்டும் ஒருவர் வீட்டினுள் நுழைவது அமானிதம் பேணுவதாகும். பொய்ச்சாட்சியத்தின் மீது நின்று பசித்தவனுக்குச் சோறு இடுவதை அந்தப் பசித்தவனும் விரும்பமாட்டான்.

இளவல் அந்த அறநிலையத்திற்கு எழுதிக் கேட்டார். பதிவு பெற்ற நிலையந்தான், ஆனால் ஸ்பான்சர் உரிமம் இல்லை என்று பதில் வந்தது. மூன்று மாதத்தை அவர் மூன்று வாரமாகச் சுருக்கிக்கொண்டார். முகத்தில் சிறிது வாட்டம் தெரிந்தது, ஆயினும் மறுக்கவில்லை.

நாமும் கடிதம் எழுதினோம். மாமாவின் வீட்டில் தங்கச் செல்கிறார் என்றும், அந்நாள்களில் மூன்று வாரம் இன்ன அறநிலையத்தில் ஊதியமின்றி உதவுவார் என்றும் எழுதினோம். அவர் முதலில் கேட்ட கடிதத்தைவிட இது ஒரு வரி நீளம். விசா கிடைப்பதும் கிடைக்காததும் அதிகாரியின் முடிவு. கையொப்பமிடுகையில் நம் கை நடுங்கவில்லை.