கொய்யாக் கவட்டை

அந்தக் காலத்தில் குருவிக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு வேட்டைக் கருவி ஒரு வரிசைப்படிதான் வரும். முதலில் கவட்டை. குறி தேறிய பிறகு கண்ணி வைக்கப் பழகுவார்கள். துப்பாக்கி கடைசி. மீசை அரும்பினாலும் அப்பன் மனம் வைத்தால்தான். இந்த வரிசை எனக்குத் தெரிய வந்தது எங்கள் வீட்டுத் திண்ணையில்.

அது எண்பதுகள். எங்கள் ஊர் கீரமங்கலத்தைச் சுற்றி வடகாடு, சேந்தன்குடி, கொத்தமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் செம்மண் கொல்லைதான். பலா, வாழை, மல்லிகை, இடையிடையே முந்திரிக்காடு. கடலை பிடுங்கிய கொல்லையில் கவுதாரி கூட்டமாக மேயும். விடியலில் முந்திரிக்காட்டுப் பக்கம் ‘டமார்’ என்று கேட்டால், "குருவிக்காரங்க வந்துட்டாங்க" என்பார் அம்மா. வெயில் ஏறியதும் தெருவுக்குள் வருவார்கள். பெண்கள் கையில் ஊசிமணி, பாசிமணி. ஆண்கள் தோளில் நீளமான ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. தங்களுக்குள் அவர்கள் பேசிக்கொள்ளும் வாக்ரிபோலி எங்களுக்கு ஒரு சொல்லும் புரியாது. நான் அந்தத் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டு பின்னாலேயே போவேன்.

எனக்கும் ஒன்று வேண்டும் என்று அப்பாவை நச்சரித்தேன். அவர் திட்டவில்லை. கவுதாரி விற்க வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "நம்ம பயலுக்குத் துப்பாக்கி வேணுமாம். எது தோதுப்படும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

பெரியவரும் சிரிக்கவில்லை. மருந்து கெட்டிக்கும் இரும்புக் கம்பியை எடுத்துக் குழலுக்குள் விட்டார். அது அடிவரை இறங்கி ‘டங்’ என்றது. "காலி. இதப் பாக்காம யாரு குடுத்தாலும் கையில வாங்காத சாமி" என்று சொல்லித்தான் என்னிடம் நீட்டினார். தூக்கினேன். கட்டை என் தோளில் நிற்காமல் கக்கத்துக்குள் போனது. குழல் முனை தரையைப் பார்த்துச் சாய்ந்தது.

"கட்டை தோள்ல உக்காரணும். கண்ணு குழலு மேல போகணும். ரெண்டும் இல்லன்னா இது உன்னோடது இல்ல சாமி. மருந்து வெடிச்சா உதைக்கும். புதுசாப் பிடிக்கிறவன் சத்தத்துக்கே கண்ண மூடிருவான். மூடுனா ரவை எங்க போகும்?"

அவர் மகனுக்கு என் வயதுதான் இருக்கும். அவன் கழுத்தில் கவட்டை தொங்கியது. அப்பனின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பது மட்டும்தான் அப்போது அவனுக்கு வேலை.

அன்றே எங்கள் கொல்லைக் கொய்யா மரத்தில் எனக்கு ஒரு கவட்டை பார்த்தார். இரண்டு கிளையும் ஒரே பருமனாக இருக்க வேண்டும், பிடி என் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும் என்று கிளை கிளையாகத் தடவிப் பார்த்து வெட்டினார். சைக்கிள் கடைப் பழைய டியூப்பில் வார் கிழித்து, நெஞ்சுவரை இழுக்கச் சொன்னார். என் கை நடுங்கியது. வாரைக் குறுக்கினார். நடுங்காமல் நிற்கும்வரை குறுக்கிக்கொண்டே இருந்தார். பிய்ந்த செருப்பின் தோல் குண்டு வைக்க ஆனது. குண்டு குளத்துக் களிமண்ணில் உருட்டி வெயிலில் காயவைத்தது. கல் கூடாது என்றார். கல் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று தெரியாது, மண் உருண்டை பட்ட இடத்திலேயே உடைந்துவிடும். வேலியில் ஒரு கொட்டாங்குச்சியைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா, யாரும் நடக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் அடிக்க விட்டார். குஞ்சோடு போகும் கவுதாரியைத் தாங்கள் தொடுவதில்லை என்றும் அப்போதுதான் சொன்னார். ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு இத்தனை அக்கறையாகக் கருவி தேர்ந்து கொடுத்த மனிதரை நான் பிறகு சந்தித்ததே இல்லை.

அந்த வேட்டை இன்று இல்லை. 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1991 திருத்தத்தில் இறுகியது. உரிமம் வாங்கி வேட்டையாட இருந்த வழியும் அடைபட்டது. கவுதாரியோ முயலோ, எதைச் சுட்டாலும் குற்றம். ஆயுதச் சட்டப்படி 21 வயது நிறையாதவர் துப்பாக்கி வாங்கவும் முடியாது. இரண்டும் சரியான சட்டங்கள் என்றே நினைக்கிறேன். கடலைக் கொல்லையில் கவுதாரிக் குரல் கேட்க வேண்டும் என்பது என் ஆசையும்தான். ஆனால் அப்பன் பையைச் சுமந்து தன் முறைக்காகக் காத்திருந்த அந்தப் பையன் கைக்குத் துப்பாக்கி வரவே இல்லை. அதற்கு ஈடாக வேறெதுவும் உடனே வந்துவிடவில்லை. கோயில் திருவிழாக்களில் பாசிமணி விற்றே அவன் வயதுக்காரர்களின் காலம் போனது.

நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வேட்டையை விடச் சொல்லி முப்பது ஆண்டுகள் கழித்து. இன்று கீரமங்கலம் அறிவொளி நகரில் அவர்கள் பேரப்பிள்ளைகள் வளர்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் அலைச்சல் இல்லாமல் கிடைக்க வேண்டும். பள்ளியில் சேர்ந்த பிள்ளை பாதியில் நிற்காமல் இருக்க ஆசிரியர்களும் அதிகாரிகளும் அவர்கள் வீடு தேடிப் போக வேண்டும். ஊர்க்காரர்களாகிய நாமும் கூடப் போக வேண்டும்.