வாசல் வெளிச்சம்

"அக்கா, இது எங்கயாச்சும் சேவ் ஆயிடுமா?"

வாட்ஸ்ஆப் வீடியோவில் முதல்முறை பேசும் தாய்மார்கள் பலரும் இதைத்தான் கேட்பார்கள். பால் வரலை, வலிக்குது, பிள்ளை அழுவுது என்பதெல்லாம் அப்புறம்தான். ஆகாது, நான் எதையும் பதிவு செய்ய மாட்டேன் என்று சொல்வேன். என் வார்த்தையைத் தவிர அவர்களுக்கு வேறு உத்தரவாதம் கிடையாது. அதனால் மார்பைக் காட்டச் சொல்வதில்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பிள்ளையின் வாய், கன்னம், தாடை தெரிந்தால் போதும். மிச்சத்தை ஒரு பொம்மையையும், உருண்டையாகச் சுருட்டிய காலுறையையும் வைத்து நான் இந்தப் பக்கம் நடித்துக் காட்டுவேன். அந்தக் காலுறையை அதற்கப்புறம் போட்டுக்கொள்ள என் மகன் மறுத்துவிட்டான்.

நான் தாதியல்ல. தாய்ப்பால் ஆலோசனைக்கு அடிப்படைப் பயிற்சி எடுத்த தன்னார்வலர், அவ்வளவுதான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஏப்ரலில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். கிள்ளானிலிருந்து புக்கிட் ரோத்தான் நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் அந்த மாதங்களில் இந்தியாவும் அதுவும் எனக்கு ஒரே தூரம். கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறி எத்தனையோ வருடமாகியும் யாரும் அப்படிச் சொல்வதில்லை) என்று தோட்டப்புறத்துப் பெண்கள் ஒருவர் சொல்லி ஒருவராக அழைத்தார்கள்.

அதில் ஒருத்திக்கு இருபத்திரண்டு வயது, முதல் பிரசவம். புருஷன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் லைன் கிடைக்கிற இடம் பின்கட்டு ஜன்னலோரம் மட்டும்தான். போனைப் பிடிப்பது புருஷனின் பாட்டி. பிள்ளையைக் காட்டுங்க பாட்டி என்றால் மின்விசிறி தெரியும், காலண்டர் முருகன் தெரிவார், பாட்டியின் மோவாய் தெரியும். நடுவில் அரை நிமிஷம் பிள்ளையின் வாய் தெரியும். அந்த அரை நிமிஷத்தில் கீழுதடு வெளியே மலர்ந்திருக்கிறதா, மோவாய் மார்பை ஒட்டியிருக்கிறதா, காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டத்தையும் சேர்த்து வாய்கொள்ளக் கவ்வியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பாட்டி பேசிக்கொண்டே இருப்பார். பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்குப் போகணும், கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு. "பத்து மணிக்கெல்லாம் நெஞ்சு கல்லாட்டம் ஆயிரும்மா. மரத்துப் பாலு ஒரு பக்கம், எம்பாலு ஒரு பக்கம், ரெண்டும் சட்டையிலதான்" என்றார் ஒருமுறை. பிள்ளைக்கு? "டின்னுப் பாலுதான். சுடுதண்ணில கரைச்சு ஆயா குடுக்கும்."

1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் ஓர் உரை நிகழ்த்தினார். தலைப்பு 'பாலும் கொலையும்'. இனிப்புச் சேர்த்த டின் பாலைக் குழந்தை உணவென்று விளம்பரம் செய்து விற்பதைக் கொலைக்குச் சமமாக அவர் பேசினார். நான் அவர் பக்கம்தான். ஆனால் இந்தப் பாட்டியிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் விளம்பரத்தை நம்பி டின் வாங்கியவரல்ல. பிரட்டுக்கு நேரமாகிவிடும், அதனால் வாங்கினார்.

ஐந்தாம் நாள் அழைப்பு. முந்தின நாள் மிஸ்ஸி வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார், அடுத்து மறுநாள்தான் வருவார். பிள்ளை மார்பிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. அழவில்லை. முதல் இரண்டு நாள் அழுத அழுகைக்கு இது நிம்மதியாக இருக்கிறது என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. வயிறு நிறைஞ்சிருக்கும்மா, நல்லாத்தான் கவ்வுது என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் நாள் ஒரு பிள்ளை ஐந்தாறு தடவையாவது துணி நனைக்க வேண்டும். அதை நான் கேட்கவில்லை. பயிற்சியில் முதலில் சொல்லித்தந்தது அது.

பாட்டிதான் குறுக்கே பேசினார். "இது தூக்கமில்லம்மா. சோந்து கெடக்கு. கலரும் சரியில்ல."

எனக்குக் கலர் சரியாகத்தான் தெரிந்தது. டியூப் லைட் வெளிச்சத்தில், முகத்தை வெளுப்பாக்கிக் காட்டும் போன் கேமராவில், எந்தப் பிள்ளையும் ரோஜா நிறம்தான். பாட்டி போனை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். எனக்கு மின்விசிறி மட்டும் சுற்றியது. அவர் குரல் கேட்டது: "மூக்க அமுத்திப் பாத்தேன். மஞ்சளா இருக்கு. நெஞ்சும் மஞ்சத்தான்."

எத்தனை தடவை ஒண்ணுக்குப் போச்சு என்று அப்போதுதான் கேட்டேன். காலையிலிருந்து ஒரு தடவை.

உடனே கிளினிக்குக் கிளம்பச் சொன்னேன். ரத்தம் குத்திப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நீல விளக்கின் கீழ் இரண்டு ராத்திரி. அங்கிருந்து அவள் அனுப்பிய குரல்பதிவு ஐந்து விநாடி: "என் பாலாலதானாக்கா?"

அப்படியில்லை என்று பதில் அனுப்ப எனக்கு வெகுநேரம் ஆனது. பால் கெட்டதில்லை, போதுமான பால் உள்ளே போகவில்லை. பால் போனால்தான் மலம் போகும், மஞ்சள் நிறமி அதோடுதான் வெளியேறும். அக்கம்பக்கத்தில் பாலை நிறுத்து, காலை வெயிலில் காட்டு என்று சொல்லியிருந்தார்கள். நேர்மாறாக, அடிக்கடி எழுப்பி ஊட்ட வேண்டும். வெயில் அந்த விளக்குக்கு மாற்றாகாது. இதையெல்லாம் எழுதினேன். நல்லா கவ்வுது என்று நான் சொன்னது தப்பு என்பதையும் எழுதினேன். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பிள்ளையின் படம் மட்டும் வந்தது, கண்ணைக் கட்டி, விளக்கின் கீழ்.

இப்போது யார் அழைத்தாலும் முதலில் நனைந்த துணிக் கணக்கு கேட்கிறேன். அப்புறம் வாசலுக்குப் போகச் சொல்கிறேன். அங்கே லைன் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் இருக்கிற வயதான கண்களைப் பார்க்கச் சொல்லி, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகமிருந்தால் கிளினிக்தான்.

அவள் அறுபதாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். அப்போது தனியார் துறையில் பிரசவ விடுப்பு அவ்வளவுதான், 98 நாளானது 2023 ஜனவரியில். தொழிற்சாலையில் பால் எடுக்க இடம் கழிப்பறைதான் என்றாள். அதற்கு நான் சொன்ன யோசனைகள் எதுவும் உருப்படியாக இல்லை. அவளாகவே மேலாளரிடம் சண்டை போட்டுப் பொருட்கள் வைக்கும் அறைச் சாவியை வாங்கினாள்.

அந்த வாரம் பாட்டியிடமிருந்து அழைப்பு. யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை மின்விசிறி இல்லை, ஐஸ்பெட்டிக்குள் வரிசையாக நான்கு புட்டி.

"இத அடுப்புல வச்சு சுட வைக்கலாமாம்மா?"

"வேணாம் பாட்டி. சுடுதண்ணிக்குள்ள புட்டியோட வைங்க."

"எம்புட்டு நேரம்?"