கேன்சரைச் சொல்ல வெட்கப்படல, இந்த மாத்திரையைச் சொல்லத்தான் வெட்கப்பட்டேன்

1/ எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்த கதையை இங்க நிறைய தடவை எழுதியிருக்கேன். ஆபரேஷன், கீமோ, முடி கொட்டுனது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு மாத்திரையைப் பத்தி மட்டும் எழுதினதில்லை. மனச்சோர்வுக்கான மாத்திரை. ஒன்றரை வருஷம் சாப்பிட்டேன். இன்னைக்கு அதை எழுதிடுறேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ சிகிச்சை நடந்த எட்டு மாசமும் தைரியமாத்தான் இருந்தேன். அடுத்த கீமோ எப்போ, ரத்த அணு எவ்வளவுன்னு நாள் ஓடுச்சு. எல்லாம் முடிஞ்சு, "இனி தினம் ஒரு டாமாக்சிஃபென் போதும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. வீட்ல பாயசம் வச்சாங்க. சொந்தக்காரங்க போன் பண்ணி "ஜெயிச்சுட்டே"ன்னாங்க. எனக்கு அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது.

3/ விடியக்காலை மூணு மணிக்கு முழிப்பு வரும், திரும்பத் தூக்கம் வராது. சாப்பாடு மண்ணு மாதிரி இருக்கும். பையன் ஸ்கூல் கதை சொல்லுவான், வாய் அசையுறது தெரியும், காதுல ஏறாது. "நான் இல்லைன்னா இவங்க நிம்மதியா இருப்பாங்க"ன்னு ஒரு நினைப்பு, காய் நறுக்கும்போது சாதாரணமா வந்துட்டுப் போகும். இது எல்லாத்துக்கும் நான் வச்ச பேரு "கீமோ அசதி".

4/ ஒருநாள் ஓபியில சிஸ்டர் கிட்ட வந்து மெதுவா சொன்னாங்க: "மேடம், இந்தப் பாட்டிக்கு இப்பத்தான் பிரஷர் பார்த்தீங்க. திரும்பவும் பார்க்குறீங்க." சீட்டைப் பார்த்தேன். என் கையெழுத்துல 150/90ன்னு இருக்கு. பார்த்த ஞாபகமே இல்லை. இதே மாதிரி ஒரு மருந்தோட டோஸைத் தப்பா எழுதியிருந்தா? அந்தப் பயத்துலதான் மனநல மருத்துவர்கிட்ட போனேன். பயம் பேஷண்டுக்காகத்தான், எனக்காக இல்லை.

5/ அவர் என் காலேஜ் சீனியர். பி.ஹெச்.க்யூ-9ன்னு ஒன்பது கேள்வி உண்டு, போன ரெண்டு வாரம் எப்படி இருந்தீங்கன்னு கேட்கும். நானே எத்தனையோ பேர்கிட்ட கேட்டிருக்கேன். எந்தப் பதிலுக்கு எத்தனை மார்க்னு தெரியும்ங்கறதால குறைச்சுக் குறைச்சுச் சொன்னேன். சாவைப் பத்தின நினைப்பு வருதான்னு கேட்குற ஒன்பதாவது கேள்வியில வாய் அடைச்சுப்போச்சு. அவர் பேனாவை மூடி வச்சுட்டு, "முதல்ல இருந்து வருவோம். இப்ப டாக்டரா இல்லாம பேஷண்டா பதில் சொல்லும்மா"ன்னார். கேன்சர்னு தெரிஞ்ச நாள்ல கூட நான் அப்படி அழுததில்லை.

6/ இங்க ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. பெரிய வியாதி வந்தா அழுகை, கோபம், பயம் எல்லாம் வரும். அது இயல்பு. எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. ஆதரவான பேச்சும் கவுன்சிலிங்கும் நிறைய பேருக்குப் போதும். ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல, கிட்டத்தட்ட தினமும் மனசு கனமா இருந்தாலோ, பிடிச்ச விஷயத்துல கூட ஒட்டாம போனாலோ டாக்டரைப் பார்க்கணும்.

7/ இதுல ஒரு சிக்கல் இருக்கு. தூக்கமின்மை, பசியின்மை, அசதி மூணும் வியாதியாலயும் வரும், மனச்சோர்வாலயும் வரும். "இந்த வியாதிக்கு அப்படித்தான் இருக்கும்"னு டாக்டருங்களே விட்டுடுறோம். அதனால வேற சிலதைக் கவனிங்க. பேரப்பிள்ளை வந்தாலும் முகத்துல சந்தோஷம் இல்லையா? "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்"னு அடிக்கடி சொல்றாங்களா? கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்த்துடுங்க. அது குறைஞ்சாலும் இதே மாதிரி இருக்கும்.

8/ எனக்கு வென்லாஃபாக்சின் எழுதினார். அதுக்குக் காரணம் உண்டு. டாமாக்சிஃபென் கல்லீரல்ல ஒரு என்சைமால மாறித்தான் முழு வீரியம் அடையும். பராக்சிடின், ஃப்ளூவாக்சிடின் ரெண்டும் அந்த என்சைமைத் தடுக்கும். வென்லாஃபாக்சின் அந்த அளவுக்குத் தடுக்காது, உடம்பு திடீர்னு தகிக்கிறதையும் குறைக்கும். ஆனா பிரஷரை ஏத்தலாம், அதைக் கவனிக்கணும். மனச்சோர்வு மாத்திரைகள்ல சிலது வயசானவங்களுக்கு சோடியத்தைக் குறைக்கும், சிலது வலி மாத்திரையோட சேர்ந்தா ரத்தக்கசிவு வரலாம். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரையை நீங்களா வாங்கிச் சாப்பிடாதீங்க. இப்ப சாப்பிடுற எல்லா மருந்தையும் மனநல மருத்துவர்கிட்ட காட்டுங்க.

9/ டாமாக்சிஃபென் சாப்பாட்டு மேசை மேலேயே இருக்கும். இந்த மாத்திரையை மட்டும் கால்சியம் டப்பாவுல போட்டு ஒளிச்சு வச்சேன். வாங்குறது பக்கத்து டவுன்ல. அம்மா ஒருநாள் கண்டுபிடிச்சுட்டாங்க. "கேன்சரையே தாங்குனவ, இதுக்குப் போய் மாத்திரையா? தினம் கோயிலுக்குப் போயிட்டு வா"ன்னாங்க. அம்மா இருபது வருஷமா பிரஷர் மாத்திரை சாப்பிடுறாங்க. கோயிலுக்கும் போறாங்க. ஆனா அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்லை. டாக்டர் நானே ஒளிச்சுத்தானே வச்சிருந்தேன்.

10/ முதல் ரெண்டு வாரம் குமட்டல், வாய் வறட்சி, தூக்கம் இன்னும் மோசம். மனசுல ஒரு மாற்றமும் இல்லை. நிறைய பேர் இங்கதான் நிறுத்திடுறாங்க. பலன் தெரிய ரெண்டுல இருந்து ஆறு வாரம் ஆகலாம். நாலாவது வாரம் நான் "சாம்பார்ல உப்பு இல்லை"ன்னேன். வீட்டுக்காரர் பிசைஞ்ச சோத்தோட கையை அப்படியே வச்சுட்டு என்னைப் பார்த்தார். எதை வச்சாலும் பேசாம முழுங்கிட்டு இருந்தவ, பல மாசம் கழிச்சு சொன்ன முதல் குறை அது.

11/ கேன்சர் திரும்ப வருமோங்கற பயம் போயிடுச்சான்னு கேட்டா, இல்லை. மேமோகிராமுக்கு முந்தின நாள் இப்பவும் வயித்தைக் கலக்கும். அந்தப் பயம் நியாயமானது, மாத்திரை அதை எடுக்காது. ஆனா தூங்க முடிஞ்சுது. கவுன்சிலிங் போக, வாக்கிங் போகத் தெம்பு வந்துச்சு. பையன் கதை காதுல விழுந்துச்சு.

12/ நான் பண்ணின தப்பையும் சொல்லிடுறேன். "சரியாயிட்டேன்"னு அஞ்சாவது மாசம் நானே சட்டுன்னு நிறுத்திட்டேன். ரெண்டே நாள்ல தலைசுத்தல், மண்டைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி. "அடிமை ஆயிட்டேனா"ன்னு பயந்தேன். அடிமைத்தனம்னா ஏக்கம் வரும், டோஸ் ஏறிக்கிட்டே போகும். இது அது இல்லை. பழகின உடம்புல இருந்து திடீர்னு எடுத்ததோட விளைவு. திரும்ப ஆரம்பிச்சு, நல்லா ஆனப்புறமும் பல மாசம் சாப்பிட்டு, கடைசியில அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுத்தான் நிறுத்தினேன்.

13/ 25 வயசுக்குக் கீழ உள்ளவங்க இந்த மாத்திரையை ஆரம்பிச்சா முதல் சில வாரம் வீட்ல கூடுதலாக் கவனிங்க. தற்கொலை எண்ணம் வந்தா, அதிகமானா, யாரா இருந்தாலும் காத்திருக்காதீங்க. டாக்டருக்கு உடனே சொல்லுங்க, அவசரம்னா நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்நேரமும் பேசலாம், தமிழ்லயே பேசலாம்.

14/ இப்பவும் ஓபியில இந்த மாத்திரையை எழுதினா, "பைத்தியத்துக்குக் குடுக்குறதா டாக்டர்?"னு கேட்பாங்க. முன்னாடி பெருசா விளக்கம் சொல்லுவேன். இப்ப "நானும் சாப்பிட்டிருக்கேன்"னு மட்டும் சொல்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்ப்பாங்க. அப்புறம், "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"னு கேட்பாங்க.

15/ உங்க வீட்ல கேன்சருக்கோ, டயாலிசிஸுக்கோ, இதய நோய்க்கோ சிகிச்சையில யாராவது இருப்பாங்க. "மாத்திரை போட்டாச்சா?"ன்னு தினம் கேட்குறீங்க. இன்னைக்கு ராத்திரி "மனசு எப்படி இருக்கு?"ன்னும் கேளுங்க. "நல்லாத்தான் இருக்கு"ன்னுதான் முதல்ல சொல்லுவாங்க, நானும் அப்படித்தான் சொன்னேன். உடனே எழுந்து போயிடாதீங்க, கொஞ்ச நேரம் பக்கத்துலயே உட்காருங்க.