அந்த விண்டோவை மூடாதீங்க மாமா!

சிவகாசியில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கும் அவருக்கு வயது 58. கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ். காலையில் அச்சகத்துக்குப் போகவேண்டிய மூன்று கல்யாணப் பத்திரிகைகள் அதற்குள் இருந்தன. இரவு பத்து மணிக்கு என்ன தோன்றியதோ, அப்டேட் போட உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசியில், யாருக்கும் தேவைப்படாத பழைய தொகுப்புகளை நீக்கச் சொல்லி ‘சரி’ கொடுத்தார். பாதியில் நின்றது. அதன்பிறகு எந்தக் கட்டளையைத் தட்டினாலும் ஒரே பிழைச்செய்தி. ஃபைல் பட்டியலைக்கூடக் காட்டவில்லை.

பெங்களூரில் இருக்கும் அக்கா மகனுக்கு போன் போட்டார்.

“மாப்ளே, மெஷின் படுத்துருச்சுடா. ஆஃப் பண்ணிட்டுப் போடவா?”

“ஐயோ மாமா, வேண்டாம்! அந்தக் கறுப்பு விண்டோ திறந்துதானே இருக்கு? ரூட்டாத்தானே நுழைஞ்சீங்க?”

“ஆமா.”

“அதை மட்டும் மூடிராதீங்க.”

பிழைச்செய்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டவன், கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டு வருடம் முன்பு பொங்கல் லீவில் வந்தபோது அவனே செய்த வேலை அது. தகராறு செய்த பழைய எழுத்துரு புரோகிராம் ஒன்றைச் சமாளிக்க, சின்னதாக ஒரு லைப்ரரி எழுதி, ‘எது ஓடினாலும் முதலில் இதை ஏற்று’ என்று சிஸ்டத்தின் ப்ரீலோட் ஃபைலில் ஒரு வரி போட்டிருந்தான். அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் போட்டிருக்கலாம். ஊருக்குக் கிளம்பும் அவசரம்!

அவன் எழுதியது இன்னொரு பழைய லைப்ரரியை நம்பியிருந்தது. அப்டேட்டுக்கோ தான் நிறுவிய தொகுப்புகளின் கணக்கு மட்டுமே தெரியும். கையால் வைத்தது அதன் பேரேட்டில் கிடையாது. கேட்பாரில்லை என்று பழையதை நீக்கிவிட்டது. ப்ரீலோட் செய்யும் லைப்ரரியே காணாமல் போயிருந்தால், லினக்ஸ் முணுமுணுத்துவிட்டு மேலே போய்விடும். அது இருந்து, அதற்கு வேண்டியது இல்லையென்றால், எந்த புரோகிராமும் கிளம்பாது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஷெல் மட்டும் தப்பியது. வேறு எதையும் கிளப்பாமல் அதுவே செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு. ஒரு ஃபைலைக் காலி செய்வது அதில் ஒன்று. கணக்கில் வரும் ‘பெரியது’ குறி, பிறகு அந்த ஃபைலின் முழு முகவரி, அவ்வளவுதான். அவன் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் தட்டி, என்டர் அடித்தார்.

“இப்ப எல்.எஸ். போடுங்க மாமா.”

பட்டியல் வந்தது. விண்டோவை மூடியிருந்தால், பென்டிரைவில் வேறு லினக்ஸை ஏற்றி பூட் செய்து உள்ளே போயிருக்க வேண்டும். அந்த நேரத்தில் பென்டிரைவுக்கு எங்கே போவது? நின்றுபோன மிச்ச வேலையையும் போனிலேயே முடித்தார்கள்.

“மாமா, அந்தப் பழைய புரோகிராம் இனி தகராறு பண்ணும். நாளைக்குப் பாக்குறேன்.”

“அதைத் தொட்டே ஒரு வருஷமாச்சுடா மாப்ளே!”