நிறுத்தத் தெரிந்தவர்

வண்டியை ஓட்டுவதே ஓட்டுநரின் கலை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அதை உரிய இடத்தில் நிறுத்துவது அதனினும் அரிய கலை என்பதை ஒரு மாலைப் பயணம் எனக்குக் கற்பித்தது.

திருவனந்தபுரத்தில் நோயாளி ஒருவரைச் சந்தித்துவிட்டு நாகர்கோவிலுக்குப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆறரை மணிக்குப் பங்கில் திருப்பலி. களியக்காவிளையில் காவலர் கைகாட்டினர். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, உள்விளக்குகளை ஏற்றி, கேட்கும் முன்னரே உரிமத்தை நீட்டினார். காவலர் ஏறிப் பைகளைச் சோதித்தபோது பயணிகள் முணுமுணுத்தனர். நானும் கடிகாரத்தைப் பார்த்தேன். வண்டி புறப்பட்டதும், முன்னிருக்கையில் இருந்த என்னிடம் ஓட்டுநர் சொன்னார்: "இந்த ஊர்லதானே ஃபாதர் வில்சன் சாரைச் சுட்டாங்க. அவங்க ராவும் பகலும் நிக்கிறாங்க. நாம அஞ்சு நிமிசம் நின்னா என்ன?"

2020 ஜனவரி 8 அன்று இரவு, களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டதை அவர் மறக்கவில்லை. நான் மறந்திருந்தேன்.

தக்கலையைக் கடந்தபின், இருசக்கர வாகனத்தோடு ஓர் இளைஞன் சாலையில் விழுந்து கிடந்தான். முன்னே சென்ற இரண்டு கார்கள் விலகிச் சென்றன. நம் ஓட்டுநர் விலகவில்லை. பின்னால் வரும் வண்டிகள் அவன்மேல் ஏறிவிடாதபடி பேருந்தையே அரணாக நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளை மின்னவிட்டு இறங்கினார். நடத்துநர் 108-க்கு அழைத்தார். கைகால்களைப் பிடித்துத் தூக்க முனைந்தவர்களை, "தூக்காதீங்க, கழுத்துல அடியிருக்கும்" என்று ஓட்டுநர் தடுத்தார்.

என் பையில் நோயில்பூசுதல் எண்ணெய் இருந்தது. ஆயினும் நான் எழவில்லை. திருப்பலிக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்றே என் மனம் கணக்கிட்டது. அப்போது அவர் திரும்பிப் பார்த்து, "ஃபாதர், கொஞ்சம் வாங்க. பையன் பயந்து கெடக்கான்" என்றார்.

இறங்கினேன். சாலையில் மண்டியிட்டு அவன் கையைப் பற்றினேன். அவன் எந்தச் சமயத்தவன் என்று நான் கேட்கவில்லை; ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் என் கையை விடவில்லை.

எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு முதலில் விலகிச் சென்றவர் ஒரு குரு என்கிறது லூக்கா நற்செய்தி. சமாரியரின் பரிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல், குடல் பதறுவதைச் சுட்டும் என்று குருமடத்தில் படித்தேன், தேர்விலும் எழுதினேன். பொருள் விளங்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

விபத்தில் தொடர்புடைய வண்டியின் ஓட்டுநர் காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு. கும்பலின் சீற்றத்தால் அது இயலாது போகலாம் என்பதையும் அதே பிரிவு ஒப்புக்கொள்கிறது. ஓட்டுநர் சிலர் தப்பியோடுவதற்கு நம் கைகளும் காரணம் அல்லவா? தொடர்பில்லாதிருந்தும் நல்லெண்ணத்தோடு உதவுவோரை வழக்குகளினின்று காக்க 2019-இல் 134அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 'நல்ல சமாரியர்' என்பதே அதில் அவர்களுக்கு இடப்பட்ட பெயர். நற்செய்தியின் சொல் நாட்டின் சட்டத்தில் ஏறிவிட்டது. நம் நெஞ்சில் ஏறியதா?

2024 ஜூலையில் வெள்ளகோவிலில் பள்ளி வாகன ஓட்டுநர் ஒருவர், நெஞ்சுவலியின் நடுவிலும் வண்டியை ஓரமாக நிறுத்திக் குழந்தைகளைக் காத்து, உயிர் நீத்தார். அவர் வாழ்வின் கடைசிச் செயல் நிறுத்தியதே.

அன்று நான் கோவிலை அடைந்தபோது நாற்பது நிமிடம் கடந்திருந்தது. மக்கள் செபமாலை சொல்லிக் காத்திருந்தனர். ஆயத்தம் செய்திருந்த மறையுரையை ஆற்றவில்லை. தாமதத்தின் காரணத்தை மட்டும் சொன்னேன். முதலில் நான் இறங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.