ஒரு காதில் தோடி

அக்டோபர் 19

விழித்தபோது கடல் வலப்பக்கம் மட்டும் இரைந்தது. இடது காதில் ஒன்றுமில்லை. மயிலாடுதுறை போய்க் காட்டினேன். நரம்பில் வந்த கோளாறு, நீங்கள் உடனே வந்தது நல்லது என்று டாக்டர் மாத்திரை எழுதினார். திரும்புமா என்றதற்கு, "சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது" என்றார். எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று எழுதிவைக்கப் போகிறேன்.

அக்டோபர் 22

மழை. கரண்ட் இல்லை. எதையும் போட்டுக் கேட்க மனசில்லை.

அக்டோபர் 27

பொறையாறு சார் வந்தார். எங்கள் சிநேகமே நாதஸ்வரப் பதிவுகளால் வந்தது. அவர் "நல்லா இருக்கும், கேளுங்க" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "ரெண்டாம் பக்கத்துல பாதி தாண்டினதும் மேல் ஸட்ஜத்துல நிப்பார். மூச்சு எங்க எடுக்குறார்னு பாத்துச் சொல்லுங்க" என்பார். கேட்டுவிட்டுப் போய்ச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பதிவு வராது. அப்படித்தான் காருகுறிச்சியார் எனக்குள் வந்தார், திருவீழிமிழலை சகோதரர்கள் வந்தார்கள்.

இன்று கொண்டுவந்தது செம்பொன்னார்கோயில் சம்பந்தம், ராஜண்ணா பதிவு. தாளத்துக்குள் ராகத்தைப் படிப்படியாக வளர்த்துக்கொண்டு போகும் ரக்தி, அந்தக் குடும்பத்தின் சொத்து. மயிலாடுதுறை பஸ்ஸில் அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன்.

காது விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நாற்காலியைத் தூக்கி என் வலப்பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நவம்பர் 3

எதிர்வீட்டுத் தம்பி பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். ஜாஸ் என்றால் உயிர். "நாதஸ்வரம்தான் மாமா, கேளுங்க" என்று ஒரு ஆல்பத்தைப் போனில் ஏற்றிக் கொடுத்தான். எம்ப்ரியோ என்ற ஜெர்மன் குழு, 'வீ கீப் ஆன்', 1973. வாசிப்பவர் சார்லி மரியானோ. பாஸ்டனில் 1923இல் பிறந்த சாக்ஸபோன் கலைஞர், சார்லஸ் மிங்கஸின் 1963 ஆல்பத்தில் வாசித்துப் பேர் வாங்கியவர். அறுபதுகளில் மலேசியாவில் வேலையாக இருந்தபோது நாதஸ்வரத்தைக் கேட்டு, அதை விடமுடியாமல் கையில் எடுத்திருக்கிறார்.

ஹெட்போனில் கேட்டேன். எரிச்சல்தான் வந்தது. கமகம் நம்முடையது இல்லை. தவிலும் இல்லை. பாதி வாத்தியங்கள் இடப்பக்கம் போய் விழுகின்றன, அங்கே எனக்குச் சுவர். கழற்றி வைத்துவிட்டேன்.

நவம்பர் 4

பிடிக்கவில்லை என்று தம்பியிடம் சொன்னேன். "எந்த இடம் மாமா?" என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நவம்பர் 15

ஆடியோகிராமில் கோடு அப்படியே கிடக்கிறது. காதுக்குள் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள்.

நவம்பர் 18

மாசிலாமணிநாதர் கோயில் வரை நடந்தேன். ஒரு காது போனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் போய்விடுகிறது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் உரசாத குறை. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். இனிமேல் பாட்டு எதற்கு?

நவம்பர் 26

சார் விடவில்லை. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகப் பதிவைப் போட்டு, ஹெட்போனைத் தானே என் தலையில் மாட்டினார். தெருவில் மணிக்கணக்காகத் தோடி வாசித்தவரை, ஒரு பக்கத்துக்கு மூன்று மூன்றரை நிமிஷம்தான் என்று இசைத்தட்டு கட்டிப்போட்டது. அந்த அவசரம் அவர் வாசிப்பில் இல்லை. குட்டையான திமிரி நாதஸ்வரத்தை விட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்த நீண்ட பாரி நாதஸ்வரத்துக்கு அவர் வந்ததால் கிடைத்த கனம்தான் இருக்கிறது.

ஏதாவது குறைகிறதா என்று சார் கேட்டார். இல்லை என்றேன்.

"குறையாது. இதெல்லாம் ஒத்தைச் சேனல். ஸ்டீரியோ தட்டு கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிள்ளைவாள் போயிட்டார். நாங்க ரெண்டு காதால கேக்குறதும் இதேதான்."

மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும்.

டிசம்பர் 2

தம்பி போனில் பேசினான். தோடி கதையைச் சொன்னதும், இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கும் வசதி போனிலேயே உண்டென்று சொல்லி, அங்கிருந்தபடியே எதைத் தட்டுவது என்று காட்டினான். மரியானோ முழுசாக வலது காதில் வந்தார். இந்த முறை மூச்சைக் கவனித்தேன். இழுத்து நிறுத்தும் சுரத்தில் நெஞ்சு சாக்ஸபோன்காரருடையது, உதடு சீவாளியோடு போராடுகிறது. அந்தப் போராட்டத்தை அவர் மறைக்கவில்லை. நம் வித்வான்களிடம் அது கேட்கவே கேட்காது, சின்ன வயசிலேயே பழக்கிவிடுகிறார்கள். வளர்ந்த மனிதர், தன் வாத்தியத்தில் பேர் வாங்கிய பிறகு, புதிதாக ஒன்றில் தொடங்கியிருக்கிறார்.

தம்பிக்கு எழுதினேன், எந்த இடம் என்று.

டிசம்பர் 3

ஊசி போட்டாயிற்று. தலை சுற்றல்.

டிசம்பர் 12

ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்த நாள். சாரும் நானும் தோடி கேட்டோம். பிறகு மரியானோவைப் போட்டு, எங்கே கவனிக்க வேண்டும் என்று சாருக்கு நான் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பாணி தெரியலை. ஆனா வாத்தியத்து மேல மரியாதை இருக்கு. இன்னொரு தடவை போடுங்க."

காதில் மாற்றமில்லை. அடுத்த சோதனை பொங்கலுக்குப் பிறகு.

மரியானோ வாசித்தது நம் நாதஸ்வரம் இல்லை. தோடி கேட்டு வளர்ந்தவர்கள் அதற்காகவே அதையும் ஒருமுறை கேட்க வேண்டும் என்பேன். கேட்டுவிட்டு, பிடித்தது என்றோ பிடிக்கவில்லை என்றோ மட்டும் சொல்லாதீர்கள். எந்த இடம் என்று சொல்லுங்கள்.