பாந்தளும் யாளியும் நம் அலமாரியும்

மனிதர்தம் பொழுதுபோக்குகள் பல திறத்தன. அஞ்சல்தலை சேர்ப்போர் உளர்; பழங்காசு சேர்ப்போர் உளர்; தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து ஏடுகளில் ஒட்டி மகிழ்வோரும் உளர். நாமோ உலகில் எக்காலத்தும் இல்லாத ஒரு விலங்கைச் சேர்த்து வருகிறோம். சீனர் அதனை 'லோங்' என்பர். அரபியர் 'தின்னீன்' என்பர். ஆங்கிலேயர் 'டிராகன்' என்பர். பாம்பின் உடல், பறவையின் நகம், சில நாடுகளில் இறக்கை, சில நாடுகளில் நெருப்பு மூச்சு என்று மனித மனம் பல உயிர்களிலிருந்தும் கடன் வாங்கிப் படைத்த உயிர் அது.

வேங்கிக்காலில் உள்ள நம் எளிய இல்லத்தில் நூல்களுக்குரிய அலமாரியின் இரண்டு தட்டுகளை அவ்விலங்கு கைப்பற்றிக் கொண்டது. மரத்தில் கடைந்தவை, காகிதக் கூழில் செய்தவை, கிரிவலப் பாதையின் நடைபாதைக் கடைகளில் வாங்கிய ஞெகிழி டிராகன்கள், முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்க்கப்பட்டுக் கணுக்கணுவாய் வளையும் புதுவகைப் பொம்மைகள் ஆகியவை அங்கே உள்ளன. அவற்றோடு டிராகன் இடம்பெறும் படக்கதைகளும், திரைப்படக் குறுந்தகடுகளும், அஞ்சல்தலைகளும் உண்டு. சீன நாடு 1878 ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் அஞ்சல்தலைகளிலேயே டிராகன்தான் இருந்தது. அவற்றை வாங்கும் வசதி நமக்கில்லை. அச்சிட்ட படம் ஒன்றே நம்மிடம் உள்ளது. நம் அண்டை நாடாகிய பூட்டானின் கொடியில் வெண்ணிற இடி டிராகன் உள்ளது. ஐரோப்பாவின் வேல்ஸ் நாட்டுக் கொடியில் செந்நிற டிராகன் உள்ளது. இவ்விரு கொடிகளும் நம் அலமாரியில் அருகருகே நிற்கின்றன.

இவ்விருப்பம் நம்மைத் தொற்றியது 1988 ஆம் ஆண்டு. சீனர் கணக்கில் அது டிராகன் ஆண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அவ்வாண்டு பின்னர் 2000, 2012, 2024 ஆம் ஆண்டுகளிலும் வந்தது. சபுராளியாகச் சிங்கப்பூர் சென்றிருந்த மாமு ஊர் திரும்பியபோது செந்நிற நாட்காட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் முகப்பில் பொன்னிற டிராகன் மேகத்தினூடே நீந்திக் கொண்டிருந்தது. வீட்டார் தைலப் புட்டிகளையும் துணிகளையும் பங்கிட்டுக் கொள்ள, நாம் அந்நாட்காட்டியைக் கேட்டுப் பெற்றோம். ஆண்டு முடிந்த பின்னும் அதனை எறிய மனம் வரவில்லை.

இரு வினாக்கள்

இச்சேகரிப்பைக் காண வருவோர் இரு வினாக்களை எழுப்புவது வழக்கம். மாணவர்கள், "ஐயா, தமிழ் கற்பிக்கும் நீங்கள் சீனத்து விலங்கைப் போற்றலாமா? நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்பார்கள். ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரோ, "தம்பி, தொழுகையுள்ள வீட்டில் இந்தப் பூதங்கள் எதற்கு?" என்று கனிவோடுதான் கேட்டார். ஒன்று மொழியைப் பற்றியது. மற்றொன்று மார்க்கத்தைப் பற்றியது. இரண்டையும் நாம் விளையாட்டாகக் கருதவில்லை. இவ்விரண்டுக்கும் விடை தேடிய முயற்சியே நம் பொழுதுபோக்கின் பெரும்பகுதி எனலாம்.

முதலில் மொழியைக் காண்போம். பெரும்பாம்புக்குத் தமிழில் பாந்தள் என்றும் மாசுணம் என்றும் பெயர்கள் உண்டு. விவிலியத்தைத் தமிழாக்கியோர் டிராகன் என்னும் பொருளில் 'வலுசர்ப்பம்' என்ற சொல்லை ஆண்டனர். சங்கப் புலவர்களோ யாளி என்றும் ஆளி என்றும் ஒரு விலங்கைப் பாடினர். யானையையே வீழ்த்தும் வலிமையுடையது அது. பொருநராற்றுப்படை இளமையிலேயே போர் வென்ற கரிகாலனுக்கு உவமை தேடுகையில், தாய்ப்பால் மறவாப் பருவத்திலேயே தன் முதல் வேட்டையில் களிற்றைக் கொன்ற ஆளிக் குருளையைத்தான் காட்டுகிறது.

சங்கப் பாடல்கள் எழுந்த காலத்தை ஒட்டி, கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, இந்தியாவின் டிராகன்கள் யானைகளோடு ஓயாது போரிடுகின்றன என்று தம் நூலில் எழுதி வைத்தார். அவர் கூறிய டிராகன் யானையைச் சுற்றி இறுக்கும் பெரும்பாம்பு. நம் புலவர் பாடிய ஆளியோ நாற்கால் விலங்கு. இரண்டும் ஒன்றெனச் சாதிக்க நாம் முன்வரவில்லை. ஆயினும் யானைக்குப் பகையான ஒரு மாபெரும் விலங்கு இம்மண்ணில் உண்டு என்னும் பேச்சு கடல் கடந்தும் ஒலித்தது என்பதை எண்ணுகையில் வியப்பே மிகுகிறது.

சொல்லில் வாழ்ந்த யாளி பின்னர்க் கல்லிலும் குடியேறியது. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் பல்லவர் குடைந்த புலிக்குகையின் வாயிலை யாளித் தலைகள் வளைத்து நிற்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் யாளி வரி ஓடுகிறது. வேலூர்க் கோட்டையினுள் உள்ள கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில் யாளிகள் பாயும் கோலத்தில் எழுந்து நிற்கின்றன. மாணவர்களை அங்கு அழைத்துச் சென்று சிற்பியின் உளித்திறனைக் காட்டியதுண்டு. "ஐயா, இது நம் டிராகன்!" என்று ஒரு மாணவர் வியந்து கூறினார். அவருடைய முதல் வினாவுக்கு அவரே விடை கூறிவிட்டார்!

அறிவியலாரும் இப்பெயரை விடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் விலா எலும்புகளோடு இணைந்த தோலை விசிறி போல் விரித்து மரம்விட்டு மரம் தாவிச் சறுக்கும் சிறு ஓணான் ஒன்று வாழ்கிறது. அதன் பேரினப் பெயர் டிராகோ என்பதாகும். இந்தோனேசியத் தீவுகளில் வாழும் கொமோடோ டிராகனுக்கு 1912 ஆம் ஆண்டில் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளம் வளரும் அவ்வுயிர் வேறெதுவுமன்று. நம் ஊர் உடும்பின் பெரிய உறவினரே.

மார்க்கத்தின் நோக்கில்

இனிப் பெரியவரின் வினாவுக்கு வருவோம். உருவங்களை ஆக்குதல், வைத்திருத்தல் ஆகியவை பற்றி மார்க்க அறிஞர்கள் நுணுகி ஆய்ந்துள்ளனர். வழிபாட்டுக்குரிய உருவம் வேறு, சிறுவர் விளையாட்டுப் பொருள் வேறு என்று அவருள் பலர் பகுத்துக் காட்டியுள்ளனர். அதற்கு அவர்கள் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சிகளுள் ஒன்று அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

பெருமானார் (ஸல்) அவர்கள் போர்ப் பயணம் ஒன்றிலிருந்து திரும்பியிருந்த வேளை. காற்று வீசித் திரை விலகியபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் கண்ணில் பட்டன. அவற்றின் நடுவே துணித்துண்டுகளால் இரண்டு இறக்கைகள் தைத்த குதிரை ஒன்று நின்றது. குதிரைக்கும் இறக்கை உண்டோ என்று பெருமானார் வினவ, சுலைமான் (அலை) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேள்வியுற்றதில்லையோ என்று அன்னையார் எதிர்வினா விடுத்தார்கள். அது கேட்டுப் பெருமானார் கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்குச் சிரித்தார்கள் என்று அந்நபிமொழி அறிவிக்கிறது.

அந்தச் சிரிப்பை எண்ணும்போதெல்லாம் நம் உள்ளம் குளிர்கிறது. இல்லாத இறக்கையை ஒரு குதிரைக்குத் தைத்துப் பார்க்கும் கற்பனை அங்கே கடிந்துரைக்கப்படவில்லை; புன்னகையோடு வரவேற்கப்பட்டது. இதனைப் பெரியவரிடம் பணிவோடு கூறினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "பிள்ளைகள் விளையாடினால் அது விளையாட்டுப் பொருள், பூட்டி வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தால் அது என்ன தம்பி?" என்றார். எத்துணைக் கூர்மையான வினா! சேகரிப்பாளரிடையே பெட்டி பிரிக்காத பொம்மைக்கே விலை மிகுதி. பெரியவர் கேட்ட நாள் முதல் நம் அலமாரிக்குப் பூட்டில்லை. தெருப் பிள்ளைகள் வருகின்றனர்; எடுக்கின்றனர்; ஆடுகின்றனர். இறக்கை ஒடிந்த டிராகன்கள் சில இப்போது தட்டின் முன்வரிசையில் நிற்கின்றன. விலைமதிப்பில் அவை இழந்தது உண்டு. விளையாட்டுப் பொருள் என்னும் தகுதியை அவை பெற்றுவிட்டன.

இசுலாமிய அறிவுலகும் இவ்விலங்கை அறியாததன்று. அப்துர் ரஹ்மான் அஸ்-சூஃபி 964 ஆம் ஆண்டளவில் இயற்றிய விண்மீன் நூலில் தின்னீன் என்னும் விண்மீன் கூட்டம் படத்துடன் விளக்கப்பட்டுள்ளது. அக்கூட்டத்தின் ஒரு மீனை இன்றும் உலக வானியலார் 'துபான்' என அழைக்கின்றனர். பாம்பு என்று பொருள்படும் அரபுச் சொல்லே அது. ஏறத்தாழ கி.மு. 2700 அளவில் அம்மீனே வடதிசை காட்டும் துருவ மீனாக விளங்கியது. வேங்கிக்கால் ஏரிப் பக்கம் மின்விளக்குகள் குறைந்த இரவில் வடவானில் அதைத் தேடிக் காண்பது நமக்குப் பேருவகை தரும்.

வதையும் வசனமும்

டிராகன்களைச் சேர்க்கச் சேர்க்க ஓர் உண்மை புலனாயிற்று. ஒரே விலங்கை உலகம் இருவேறு விதமாகக் காண்கிறது. மேலை நாட்டுக் கதைகளில் அது பொற்குவியலைக் காத்துக் கிடக்கும் பகை. வீரன் அதனைக் கொன்றால்தான் கதை முடியும். சீனத்திலோ அது மழை தரும் மங்கலம். இவ்விரு நோக்கும் ஒருங்கே அமைந்த ஒரு தமிழ்க் காப்பியம் நம்மிடம் உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணத்து விலாதத்துக் காண்டத்தில், ஷாம் நாட்டு வணிகப் பயணத்தைப் பாடும் பகுதியில் 'பாந்தள் வதைப் படலம்' வருகிறது. சற்றே கடந்து சென்றால் 'பாந்தள் வசனித்த படலம்' வருகிறது. ஒரு பாந்தள் வதைக்கப்படுகிறது. மற்றொரு பாந்தள் வாய் திறந்து பேசுகிறது. தீங்கிழைப்பதைத் தடுக்கும் திறமும், பேச வந்ததைச் செவிமடுக்கும் பொறுமையும் ஒருவரிடமே அமைய வேண்டும் என்பதை இவ்விரு படலங்களும் நமக்கு உணர்த்துகின்றன.

இக்காலத் திரைப்படமும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. 2010 ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹவ் டு டிரெய்ன் யுவர் டிராகன்' என்னும் படத்தில், டிராகன்களைக் கொல்வதே வீரம் என்று நம்பும் ஊரில் பிறந்த சிறுவன், தான் வீழ்த்திய டிராகனைக் கொல்ல மனமின்றி அதன் கட்டை அவிழ்த்துவிடுகிறான். ஊனமுற்ற அதன் வாலுக்குச் செயற்கைத் துடுப்பும் செய்து தருகிறான். பகை என்று எண்ணியது அறியாமையே என்று ஊரார் பின்னர் உணர்கின்றனர். நம் இல்லத்தில் பிள்ளைகள் மிகுதியும் விரும்பிப் பார்ப்பது இப்படத்தையே. 2025 ஆம் ஆண்டு 'டிராகன்' என்னும் பெயரிலேயே தமிழ்ப் படம் ஒன்று வந்தது. ஆவலோடு சென்றோம்; அப்பெயர் நாயகன் ராகவனுக்கு அமைந்த பட்டப்பெயர் என்று அறிந்தோம். ஆயினும் அதன் விளம்பரத்தாளை விட்டுவைக்கவில்லை!

காலியில் கிடைத்த கல்

நம் சேகரிப்பில் மிக உயர்ந்தது எது என்று கேட்டால், ஓர் ஒளிப்படத்தையே காட்டுவோம். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கல்வெட்டின் படம் அது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ, யுன்னான் மாநிலத்து முசுலிம் குடும்பத்தில் பிறந்தவர். அவர்தம் கடற்பயணத்தின்போது இலங்கையில் நிறுவுவதற்காக, 1409 ஆம் ஆண்டு நாளிட்ட அக்கல் சீனாவிலேயே பொறிக்கப்பட்டது. 1911 ஆம் ஆண்டு காலி நகரில் அது கண்டெடுக்கப்பட்டது. கல்லின் உச்சியில் இரண்டு டிராகன்கள் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றின் கீழே சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகள். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை கூறுகிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்குக் காணிக்கை கூறுகிறது. சிதைந்து போன பாரசீகப் பகுதி இசுலாத்தைச் சார்ந்து அமைகிறது. பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் எனக் காணிக்கைகள் பெரிதும் ஒத்திருக்கின்றன.

ஒரு முசுலிம் தலைவர், பௌத்தரையும் தமிழ்க் கடவுளை வழிபட்டோரையும் தம் சமயத்தாரையும் ஒரே கல்லில் மதித்தார். அம்மூவர்க்கும் மேலே நிழல் விரித்து நிற்பவை, உலகில் இல்லாத இரண்டு விலங்குகள். அண்ணாமலையின் அடிவாரத்தில், தீபத் திருநாளில் ஊரெங்கும் மக்கள் வெள்ளம் பெருகும் ஊரில், தொழுகையும் தமிழும் துறவாது வாழும் நமக்கு அக்கல் சொல்லும் செய்தி பெரிது. பிறருடைய அடையாளங்களைக் கண்டு அஞ்சவும் வேண்டா, அவற்றை நம்முடையன என்று உரிமை கொண்டாடவும் வேண்டா. அவற்றின் பெயரையும் வரலாற்றையும் கேட்டறிந்தால் போதும்.

மாணவச் செல்வங்களே! எதையேனும் சேருங்கள். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டுவதில்லை. சேர்த்த பொருளுக்குத் தமிழில் என்ன பெயர், அது எங்கிருந்து எந்த வழியாக வந்தது, அதனைப் போற்றுவோர் யார், வெறுப்போர் யார் என்று கேட்டுக் கொண்டே இருங்கள். நூலகமும் அருங்காட்சியகமும் கோயில் தூணும் பெரியோர் பேச்சும் விடை தரும். நம் இல்லக் கதவும் திறந்தே இருக்கும். பொம்மை ஒடிந்தால் வருந்த வேண்டா; ஒட்டுவதற்குப் பசை வைத்திருக்கிறோம்.